செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் நம்மவர்கள் பெரும்பாலும் பழைய கார்தான் வாங்குகிறார்கள். திடீரென்று செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் வயிற்றைக் கலக்கும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதற்றம் வேண்டாம். காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீட்டைக் காட்டும் ஓபிடி ரீடர் என்ற கருவியை விலை குறைவாக ஒன்று வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகிக் குறியீட்டைப் படியுங்கள்.

பி0455, பி0442, பி0456, பி0457 இவற்றில் ஒன்று வந்தால், பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று கார் சந்தேகப்படுகிறது. டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய ஒரு பெட்டி பிடித்து வைக்கும்; எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற அடைப்பான் திறக்க, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரிக்கும். அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே பி0456 வந்துவிடும்.

ஊரில் பங்க்கில் ஆள் போட்டு மூடிவிடுவார். இங்கே நாமேதான், மூடி சரியாக மூடாவிட்டால் ஆவி கசியும். அதனால் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ மண்ணோ தட்டுப்படுகிறதா? வெடித்திருந்தால் உங்கள் காருக்கான மூடியையே வாங்கிப் போடுங்கள். நன்றாக இருந்தால் துடைத்து, 'டிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது, சில நாள் ஓட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பம்ப் தானாக நின்ற பிறகு, கணக்கை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவோம் இல்லையா? அப்படிச் செய்தால் பெட்ரோலே கரிப்பெட்டிக்குள் போய் அதைப் பாழாக்கும்.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால், பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். டேங்க் காலியாக இருந்தும் பம்ப் அடிக்கடி நின்றால், காற்றுப் போகும் வழி அடைத்திருக்கலாம்.

மூடி சரியாக இருந்தும் குறியீடு திரும்பி வந்தால், மெக்கானிக்கிடம் "ஸ்மோக் டெஸ்ட் செய்து கசிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆவி போகும் குழாய்க்குள் புகையை விடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் அது வெளியே வரும். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கார் வாங்கும் முன் ஒன்று. விளக்கு எரிந்தால் ஸ்மாக் சோதனையில் (இங்குள்ள வாகனப் புகைச் சோதனை) தேறாது, அதனால் சிலர் குறியீட்டை அழித்துவிட்டு விற்பார்கள். அழித்தால் கார் தன்னைத் தானே சோதித்த முடிவுகளும் அழிந்து, அவற்றை மறுபடி முடிக்க வேண்டியிருக்கும். 2000ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களில் அந்தச் சோதனைகளில் ஆவிக் கசிவுச் சோதனை ('ஈவாப்') மட்டும் முடியாமல் இருந்தாலும் ஸ்மாக் சான்று கிடைத்துவிடலாம். ஆகவே சான்றை மட்டும் நம்பாமல், ரீடரில் 'ஈவாப்' தயார் என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு காரைப் பாருங்கள்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், அன்றே காட்டுங்கள்.