இணையப் பக்கத்தில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க விடாமல் தடுப்பது எப்படி?

மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் உறவினர் ஒருவரின் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். அவருடைய விருந்துப் பட்டியலை யாரோ வரி மாறாமல் தம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டதால் இந்த வேலை என்னிடம் வந்தது. இது பூட்டு அன்று, வெறும் தாழ்ப்பாள்தான். கன்ட்ரோல்-யூ அழுத்தி மூல நிரலைத் திறப்பவரையோ, திரையைப் படம் பிடிப்பவரையோ இது தடுக்காது.

முதலில், காக்க வேண்டிய பகுதியை மட்டும், பக்கத்தின் ஒரு பகுதியைத் தனியே பிரிக்கும் ‘டிவ்’ குறிக்குள் அடக்கி, அதை அடையாளம் காட்ட ஒரு கிளாஸ் பெயர் கொடுங்கள். பெயரைத் தமிழிலேயே ‘காப்பு’ என்று வைத்தாலும், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ் ஏற்றுக்கொள்ளும். பக்கம் முழுவதையும் தடுத்துவிட்டால், கடை முகவரியை நகலெடுத்து வரைபடச் செயலியில் தேட நினைக்கும் வாடிக்கையாளர்தான் முதலில் அவதிப்படுவார்.

அடுத்து, அந்தக் கிளாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் ‘யூசர்-செலக்ட்’ என்ற பண்பைச் சேர்த்து, அதன் மதிப்பை ‘நன்’ (எதையும் தேர்ந்தெடுக்க முடியாது என்று பொருள்) என்று ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் இதற்கான இடம் தீம், கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, ஆட் சிஎஸ்எஸ் என்ற வரிசையில் இருக்கிறது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஐபோனில்தான். கணினி குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சரியாக வேலை செய்த அதே விதியை சஃபாரி கண்டுகொள்ளவே இல்லை. அதற்கு இதே பண்பை, முன்னால் ஒரு சிறுகோடும் ‘வெப்கிட்’ என்ற சொல்லும் மறுபடி ஒரு சிறுகோடும் சேர்த்து, இன்னொரு வரியாகவும் எழுத வேண்டும். ஐபோனில் உள்ள குரோமும் பொதுவாக சஃபாரியின் உள் இயந்திரமான வெப்கிட்டைக் கொண்டே இயங்குவதால், அங்கேயும் இந்த இரண்டாவது வரி தேவைப்படும். தடுத்த பகுதிக்குள் முன்பதிவுப் படிவம் இருந்தால், தட்டச்சுப் பெட்டிகளுக்கான ‘இன்புட்’, ‘டெக்ஸ்ட்ஏரியா’ குறிகள் இரண்டுக்கும் மதிப்பை ‘டெக்ஸ்ட்’ (எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பொருள்) என்று தனியே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சஃபாரியில் பெட்டிக்குள் தட்டச்சு செய்ய முடியாமல் போகக்கூடும்.

வலது கிளிக்கை முடக்கும் ஜாவாஸ்கிரிப்ட் துணுக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. இணைப்பைப் புதிய தாவலில் திறக்க விரும்பும் நல்ல வாசகருக்கு அவை எரிச்சலூட்டும். ஃபயர்ஃபாக்ஸிலோ ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தாலே பட்டி திறந்துவிடும்.

பின்சேர்க்கை: தடுத்த பகுதிக்குள்ளேயே இருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் எப்படித் திறந்துவிடுவது என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். எண்ணை, வரிக்குள் சில எழுத்துகளை மட்டும் பிரிக்கும் ‘ஸ்பான்’ குறிக்குள் இட்டு, ‘திறப்பு’ போன்ற வேறொரு கிளாஸ் பெயர் கொடுத்து, அதற்கு ‘டெக்ஸ்ட்’ என்ற மதிப்பை வெப்கிட் வரியோடு சேர்த்து இரண்டு வரிகளாக எழுதினால் போதும்.