வாஷ்பேசின் கனெக்‌ஷன் ட்யூபை நீங்களே மாற்றுவது எப்படி?

வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுவரில் உள்ள ஆங்கிள் வால்வையும் மேலே உள்ள குழாயையும் இணைக்கும் கம்பிப் பின்னல் ட்யூப் தெரியும். வெளியே ஸ்டீலாக இருந்தாலும் தண்ணீரைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்தான். பின்னல் அறுந்த இடத்தில் ரப்பர் புடைத்து ஒருநாள் வெடித்துவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் வெளியே போய்த் திரும்பும் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் தரையில் நிற்கும்.

பின்னலில் துருப்புள்ளி, முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் அறுந்த கம்பி, நட்டுக்குப் பக்கத்தில் வீக்கம், வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த உப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பிளீச், ஆசிட் பாட்டில்களைப் பேசினுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். மூடி வழியே கசியும் ஆவி ஸ்டீல் பின்னலையும் அரித்துவிடும்.

வாங்கும்போது

வால்விலிருந்து குழாய் வரை அளந்து, 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். இழுத்து மாட்டினாலும் ஆபத்து, மடங்கினாலும் ஆபத்து. நீளம் போதவில்லை என்று இரண்டு ட்யூபை ஒட்டுப்போட வேண்டாம். வால்வுப் பக்கம் பெரும்பாலும் அரை இஞ்ச் மரை. வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாய் என்றால் மேல்முனை வேறு அளவில், மெல்லியதாக இருக்கலாம். பழைய ட்யூபைக் கையோடு கொண்டுபோவதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் நட் வேண்டாம், பித்தளை நட் உள்ளதையே கேளுங்கள்.

கழற்றுவது

வெந்நீர்ப் பக்கம் என்றால் முதலில் ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள். பிறகு ஆங்கிள் வால்வை மூடி, மேலே குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் மெயின் வால்வை மூடுங்கள். வால்வு இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். சுவருக்குள் இருக்கும் மரை உடைந்தால் செலவு பல மடங்கு.

அடியில் வாளி வைத்து நட்டைக் கழற்றுங்கள். ஒரு கையால் வால்வை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பைப் ரெஞ்ச் எடுக்காதீர்கள். அதன் பற்கள் குரோம் பூச்சைக் கடித்துவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரே போதும்.

மாட்டுவது: பலரும் தவறும் இடம்

கனெக்‌ஷன் ட்யூபின் நட்டுக்கு டெஃப்லான் டேப் (மரைமேல் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடா) சுற்றக் கூடாது. அங்கே தண்ணீரை நிறுத்துவது மரை அல்ல, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட் முழுதாக ஏறாது, வாஷர் சரியாக அமுங்காது. பழைய வாஷர் வால்வின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

நட்டை மரைமேல் வைத்து முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு படி இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை கோணலாக ஏறாது. கையால் போகும்வரை முறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். கசிந்தால் இன்னொரு கால் சுற்று. அதற்கும் மேலே முறுக்கினால் வாஷர் பிதுங்கும், நட் கீறல்விடும். அந்தக் கீறல் பல நாள் கழித்துத்தான் பிளக்கும். ட்யூப் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாதபடி மறுகையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிள் வால்வையே மாற்றுகிறீர்களா? சுவருக்குள் போகும் அந்த மரைக்கு டேப் கட்டாயம். மரையின் முனை உங்களைப் பார்க்க இருக்கட்டும். கடிகார முள் திசையில், இழுத்துப் பிடித்து 10 சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் உரிந்து வந்துவிடும். இறுக்கிய பிறகு நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பினாலும் கசியும். கழற்றிப் புது டேப் சுற்றத்தான் வேண்டும்.

சோதனை

வால்வை மெதுவாகத் திறங்கள். உலர்ந்த டிஷ்யூ பேப்பரை நட்டைச் சுற்றி ஒற்றியெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். 15 நிமிடம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை

வாஷிங் மெஷின் ட்யூபுக்கும் இதே விதி. ஆனால் மெஷின் ஓடாத நேரத்திலும் அந்த ட்யூப் முழு அழுத்தத்தில் இருக்கிறது. துவைத்து முடிந்ததும் சுவர்க் குழாயை மூடிவிடுங்கள். பின்பக்கச் சுவருக்கும் மெஷினுக்கும் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், ட்யூப் மடங்காது.