காப்பித் தோட்டத்துக் கிழட்டு சில்வர் ஓக்கை இறக்கி விறகாக்குவது எப்படி

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும், காப்பிக்கு நிழலுக்காக வளர்த்து மிளகுக்கொடி ஏற்றிவிட்ட ஒரு கிழட்டு சில்வர் ஓக் மரத்தைக் காட்டுவார்கள். தலை காய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பலமாகக் காற்றடித்தால் எந்தக் கிளை எப்போது விழுமோ என்று நிற்கும். அதை இறக்க ஆளும் மெஷினும் கிடைத்துவிடும், எந்த மாதத்தில் இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிளகு பறித்து முடித்ததும், காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழைக்கு முன்னால், அதாவது பிப்ரவரி கடைசியில் இருந்து மார்ச் பாதிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். முந்தினால் மரத்தில் ஏறியிருக்கும் மிளகு போய்விடும், பிந்தினால் பூத்து நிற்கும் காப்பிச்செடி மேல் கிளை விழும், விறகும் ஜூன் மழைக்கு முன் காயாது.

அதனால் அனுமதிக்கு முன்கூட்டியே அலையத் தொடங்க வேண்டும். சொந்தப் பட்டா நிலம்தானே என்று இருந்துவிடாதீர்கள், மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகே கோடாலியைத் தொடுங்கள். மரத்தைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன், மிளகுக்கொடியின் அடியில் ஓடும் ஓடுகொடிகளை எடுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி நாற்றுப் பையில் நட்டுவிடுங்கள், அதற்கும் இதுதான் பருவம். பிறகு மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டும்போது 'டொம்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் உள்ளே பொந்து இருக்கிறது, அப்படிப்பட்ட மரம் நினைத்த பக்கம் விழாது, அனுபவசாலி இல்லாமல் கை வைக்கக் கூடாது. மேலே தேன்கூடு, குளவிக்கூடு உண்டா பாருங்கள். பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.

காப்பிச்செடிகளுக்கு நடுவில் நிற்கும் மரத்தை அப்படியே அடியோடு சாய்ப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பழக்கப்பட்ட மரமேறி ஒருவர் இடுப்புக் கயிறோடு ஏறி, ஒவ்வொரு கிளையையும் வடக்கயிற்றில் கட்டி அறுத்து மெதுவாக இறக்கட்டும், கூலி கூடத்தான் ஆகும், ஆனால் வளர்ந்த ஒரு அராபிக்கா செடி ஒடிந்தால் அந்த இடத்தில் மறுபடி காய் பார்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். கடைசியில் நிற்கும் மொட்டைத் தண்டைத்தான் சாய்க்க வேண்டும். சரிவில் மேலும் கீழுமாக இல்லாமல் குறுக்குவாட்டில் சாய்த்தால் உருளாது. விழ வேண்டிய பக்கத்தில், தடிமனில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய், அதாவது ஆப்பு வடிவப் பள்ளம், வெட்டுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கத்தில், அந்த வாயின் அடிமட்டத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே அறுத்து வாருங்கள், ஆனால் முழுக்க அறுத்துவிடாதீர்கள். நடுவில் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நின்றால்தான் அது கதவுக் கீல் மாதிரி மரத்தை வழிநடத்தும். ரம்பம் சிக்காமல் இருக்க ஆப்பு அடியுங்கள். மரம் அசையத் தொடங்கியதும், முன்பே செடி கொடி அகற்றி வைத்த வழியில் பின்பக்கம் சாய்வாக விலகிவிடுங்கள், நேர் பின்னால் நிற்கவே வேண்டாம், அடிமரம் எகிறி வரும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

முழுக்கைச் சட்டை கட்டாயம், சில்வர் ஓக் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

நேராக, பருமனாக உள்ள தண்டை விறகாக்காதீர்கள், பிளைவுட் மில்லுக்கும் பெட்டி செய்பவர்களுக்கும் அது விலை போகும். மீதியை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, ஈரம் இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். முழுசாகப் போட்டால் பட்டைக்குள்ளேயே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். கல்லோ கட்டையோ போட்டுத் தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் வையுங்கள், பக்கவாட்டைத் தார்ப்பாயால் மூடினால் காற்று போகாது. ஏப்ரல், மே வெயில் பட்டால் பிளந்த சில்வர் ஓக் நன்றாகவே காயும். முனையில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்டால் எரிக்கலாம். அதற்குள் ஜூன் வந்துவிட்டால் கூரைக்குள் மாற்றிவிடுங்கள்.

இது லேசான மரம், சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீரும். வெந்நீர் போடவும் அடுப்பு மூட்டவும் நல்லது. பருப்பு வேகவோ ராத்திரி கணப்புக்கோ தணல் நிற்க வேண்டுமென்றால், கிளை கழிக்கும் கவாத்தில் கிடைத்த காப்பிக் கட்டையோ கொய்யாக் கட்டையோ கலந்து வையுங்கள். குளிர் தாங்காமல் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகையே தெரியாமல் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

அடிக்கட்டையையும் விட்டுவைக்காதீர்கள். செத்த வேரில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்துக் காப்பி வேருக்கும் பரவும். முடிந்தவரை தோண்டி எடுத்து, அந்தக் குழியைக் கொஞ்ச நாள் வெயில் பட ஆறப்போடுங்கள், நிழலுக்கான புதுக் கன்றை ஜூன் மழையில் சற்றுத் தள்ளி நடலாம்.