‘பரம்பரை’ என்று எழுதுவதற்கு முன்

முடி கொட்டுவதாகச் சொல்லி எங்கள் கிளினிக்குக்கு வந்த மூன்று பேரின் அட்டைகளிலும், புதிதாகச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர் ‘பரம்பரை’ என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தார். நானும் ஒரு காலத்தில் அப்படியே எழுதியவன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. அந்தச் சொல்லை எழுதும்போது நாங்கள் செய்யும் தவறுகளை இங்கே தலைப்பிட்டுச் சொல்கிறேன்.

தாய்மாமனை வைத்துக் கணிப்பது

தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் மருமகனுக்கும் வரும் என்பார்கள். ஆண்ட்ரஜன் (ஆண் ஹோர்மோன்) ஏற்பிக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதும், ஆண் தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து பெறுவதும் உண்மை. ஆயினும் மாமன் தன் எக்ஸைத் தன் தாயிடமிருந்து, அதாவது மருமகனின் பாட்டியிடமிருந்து, பெற்றவர். மருமகனுக்கு வந்தது தாத்தாவினுடையதாகவும் இருக்கலாம். 2017இல் பிரித்தானியாவில் 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றுள் எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே. ஆகவே தகப்பனின் தலையையும் விசாரியுங்கள்.

ஒரே வீட்டில் இருப்பதையெல்லாம் மரபணுவின் கணக்கில் சேர்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர், நாற்பதைத் தாண்டாதவர், உச்சிக்குச் சற்று முன்னால் முடி உதிர்வதாக வந்தார். “எங்கம்மாவுக்கும் இதே எடத்துலதான் டொக்டர் கொட்டுச்சு” என்றார். தாய்க்கும் மகளுக்கும் ஒரே இடம் என்றதும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. முடி வளரத் தலையில் தடவும் மினொக்சிடில் திரவத்தை எழுதிக் கொடுத்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓராண்டு அதை வாங்கித் தடவினார்.

பின்னொரு நாள் மலைச்சரிவின் ஓரமாக நடந்து போகையில், அவர் குனிந்து கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவதைக் கண்டேன். மடித்த துணியின்மேல் கயிறு அமர்ந்த இடம், அட்டையில் நான் வரைந்து வைத்திருந்த அதே பட்டை. கொழுந்து நிறுக்கும் வரை அந்தப் பாரம் அங்கேயே இழுத்துக்கொண்டிருக்கும். தாயும் அதே மலையில் அதே விதமாகக் கூடை சுமந்தவர். மகளுக்கு அவரிடமிருந்து வந்தது கயிறு. இழுவை நீண்ட காலம் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதன்பின் எந்தத் திரவமும் உதவாது. அவருக்கு நடுவில் ஒரு விரலளவு இடம் அப்படியே வழவழப்பாக நின்றுவிட்டது. முதல் நாளே வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் கயிற்றின் இடத்தையாவது மாற்றியிருக்கலாம்.

வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். பெண்களின் பரம்பரை முடி மெலிவில் நெற்றியோர வரிசை பெரும்பாலும் நிலைத்திருக்க, நடுவகிடு அகன்று, தடித்த மயிரும் பூனைமயிரும் கலந்து நிற்கும். கயிற்றின் தடத்தில் எல்லை தெளிவான பட்டையும், முறிந்த குட்டை மயிர்களும் தெரியும். மேலும், ஆண்களின் வழுக்கையில் ஆண்ட்ரஜன் ஏற்பி மரபணுவுக்கு உள்ள பங்கு பெண்களில் அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு ஆண்ட்ரஜன் அளவு இயல்பாகவே இருக்கும்.

இரத்தம் பாராமல் அனுப்புவது

ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைரோயிட் மூன்றையும் பாருங்கள்.

காய்ச்சலையும் பிரசவத்தையும் மறப்பது

இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவற்றுக்குப் பின் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே திரும்பும்.

புழுவெட்டு

வட்ட வட்டமாக முடி உதிரும் இது நோயெதிர்ப்புத் தொகுதியின் வேலை. பரம்பரை வழுக்கையின் கணக்கில் சேராது.

ஃபினஸ்டரைட்

ஆண்களின் வழுக்கைக்குக் கொடுக்கும் இந்த மருந்தைக் கர்ப்பமாகக்கூடிய பெண்ணுக்கு எழுத வேண்டாம்.