பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) இல்லாமல் ஒரு வாரம்கூட வேலை செய்யாதீர்கள்

பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் லண்டன் வரப்போகிற எங்கள் ஆட்கள் இங்கே வந்து வேலை செய்வது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். நானும் பிரெஞ்சுப் பாஸ்போட்டோடு வந்தவள்தான். 2015இல் வந்தேன். வந்து இறங்கிய மூன்றாம் நாளே வேலைக்குப் போனேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், அந்தக் காலம் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்போது அதே பாஸ்போட்டோடு வந்தால் முன்கூட்டியே ஈடிஏ என்ற பயண அனுமதி எடுக்க வேண்டும், வந்தாலும் சுற்றுலாப் பயணிதான், வேலை செய்ய முடியாது.

அதனால் நான் எழுதுவது இரண்டு வகையினருக்கு. 2020 முடியுமுன்பே திருமணமாகி, கணவனோ மனைவியோ அதற்குள் இங்கே வந்து ஸ்டேட்டஸ் (இங்கே வாழும் அனுமதி) எடுத்திருக்க, இப்போது சேர வருகிறவர்கள். அப்புறம், பிரீ-செட்டில்ட் என்ற தற்காலிக ஸ்டேட்டஸ் எடுத்துவிட்டுக் கொரோனா நேரம் திரும்பிப் போய், அது இன்னும் செல்லுபடியாக இருக்க மறுபடி வருகிறவர்கள்.

சேர வருகிறவர்கள் வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டேட்டஸ் கையில் தரும் அட்டையாக வராது, இணையத்தில்தான் இருக்கும். பாஸ்போட் புதுப்பித்தால் அந்தக் கணக்கிலும் மாற்றுங்கள். ஜீபி (குடும்ப வைத்தியர்), பாங்க், தேசியக் காப்புறுதி இலக்கம் எல்லாம் கொஞ்சம் அலைந்தால் சரிவரும்.

இனி என் தோழியின் கதை. அவள் 2020 ஒக்டோபரில் இரண்டு பிள்ளைகளோடு பாரிஸிலிருந்து தனியாக லண்டன் ஈஸ்ட்ஹாம் வந்தாள். பிரீ-செட்டில்ட் கிடைத்தது. அடுத்த வருடம் ஒரு தமிழ்க் கடையில் வேலை. முதலாளி சொன்னது இதுதான்: "தங்கச்சி, டாக்ஸ் வெட்டினா உங்களுக்கு என்ன மிஞ்சும்? கையில காசாத் தாறன்." வாரம் 30 மணித்தியாலம், 180 பவுண். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வெள்ளை உறை, அதன் மூலையில் பென்சிலால் 180 என்று எழுதியிருக்கும். அவள் அந்த உறைகளை ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தாள், சான்றுக்கு உதவும் என்று.

2023 பெப்ரவரியில் அரிசி மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. "சுகமான பிறகு வாங்கோ" என்றார் முதலாளி. அவ்வளவுதான். அவள் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தாள். பிரான்சில் காஃப் (அங்குள்ள குடும்ப உதவிப்பணம்) காசு வாங்கிப் பழகியவளுக்கு இது மறுக்கப்படும் என்று தோன்றவேயில்லை. வதிவுரிமை இல்லை என்று பதில் வந்தது.

இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். செட்டில்ட் என்ற நிரந்தர ஸ்டேட்டஸ் இருந்தால் இந்நாட்டுக்காரருக்குள்ள உதவிகள் உங்களுக்கும் உண்டு. பிரீ-செட்டில்ட் இங்கே இருக்கவும் வேலை செய்யவும் விடும், ஆனால் உதவிப்பணம் கேட்க அது மட்டும் போதாது. அதற்கு மேல் நீங்கள் உண்மையாகவே ஒரு தொழிலாளி என்று காட்ட வேண்டும். பேஸ்லிப்போடு பதிவில் உள்ள வேலை இருந்து, நோயால் கொஞ்சக் காலம் வேலை செய்ய முடியாமல் போனால், தொழிலாளி என்ற நிலை தொடரும். அவளுக்கு வரிக் கந்தோரில் ஒரு பதிவுகூட இல்லை. பென்சில் எழுதிய உறைகளை யார் ஏற்பார்கள்?

எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிற விஷயம் வேறு. வாரம் 180 என்றால் வருடம் 9,360 பவுண். 12,570 வரை வருமான வரியே கிடையாது. அன்றைய வரம்புப்படி தேசியக் காப்புறுதியும் வெட்டுப்பட்டிருக்காது. பதிவில் கொடுத்திருந்தாலும் அதே 180தான் அவள் கைக்கு வந்திருக்கும்! முதலாளி மறைத்தது வேறொன்று. 30 மணித்தியாலத்துக்கு 180 என்றால் மணிக்கு 6 பவுண். 2021 ஏப்ரலில் சட்டப்படி குறைந்த கூலி 8.91. தங்கச்சி என்று கூப்பிட்ட வாயால் செய்த வேலை இது.

நாலு மாதம் பிள்ளைகளோடு என் முன்னறையில் படுத்தாள். சேர்ச்சில் கொடுத்த உணவுப் பொதியில் பருப்பு இருந்த நாள் பிள்ளைகளுக்குப் பெருநாள் மாதிரி.

மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் மீளாய்வு கேளுங்கள். அவள் அழுதுகொண்டே அந்த மாதத்தைக் கடத்திவிட்டாள். 2023 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பிரீ-செட்டில்ட் உள்ளவர் அடிப்படைத் தேவைகளுக்கே வழியில்லாமல் நின்றால் அதையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையத்தில் இலவசமாகப் பேசலாம். இதை அங்கே சொல்லுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) தகுதியானவர்களைத் தானாகவே செட்டில்டுக்கு மாற்றத் தொடங்கியது. வரிப் பதிவைப் பார்த்து மாற்றுவதால், கையில் காசு வாங்கியவர்களைப் பற்றி அதற்குத் தெரியாது. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வேலைச் சான்று தேவையில்லை, இங்கே வாழ்ந்த சான்று போதும். பள்ளிக்கூடக் கடிதம், ஜீபி கடிதம், கவுன்சில் டாக்ஸ் பில் என்று ஐந்து வருடத்தையும் காகிதத்தால் நிரப்பித்தான் அவள் செட்டில்ட் எடுத்தாள்.

இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதி நேர வேலை. முதல் பேஸ்லிப்பை என் சமையல் மேசையில் விரித்துக் காட்டினாள். வரி என்ற இடத்தில் 0 என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.