மங்கிப்போன நீலம்: என் அனுபவம்

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு மியூசிக் வீடியோவும் அதற்குப் பொருத்தமான சிடி உறையும் செய்தேன். வீடியோவின் பின்னணி முழுக்க மின்னும் நீல ஒளி. அதிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்து உறையில் போட்டேன். அச்சாகி வந்ததைக் கையில் வாங்கியதும் மனசு உடைந்துவிட்டது. நீலம் ஊதா கலந்து மங்கியிருந்தது. பாடகியின் கண்ணிமை ஓரம் கலங்கலாகத் தெரிந்தது.

கலங்கலுக்குக் காரணம் வெறும் கணக்கு. ஃபிரேமின் உயரம் 1080 பிக்சல். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சடித்தால் 9 செ.மீ. சொச்சம்தான் வரும். 12 செ.மீ. சதுர உறைக்கு 1417 பிக்சல் வேண்டும்; வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 1488. சரி என்று அதே உடை, அதே விளக்குகளோடு ஸ்டில் கேமராவில் மறுபடி எடுத்தோம்.

நிறம்தான் படுத்தி எடுத்தது. திரை நிறத்தை ஒளியால் காட்டுகிறது, தாள் மையால். அந்த மின்னும் நீலம் வழக்கமான நான்கு மைகளில் வரவே வராது. உறையை வீடியோவுக்குப் பொருத்தப் பார்த்தே இரண்டு நாள் போனது. அப்புறம் தலைகீழாக யோசித்தேன். ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) போட்டு, அச்சில் நிற்கக்கூடிய, லேசாகப் பச்சை கலந்த நீலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சோதனை அச்சு மனதுக்குப் பிடித்தபின் வீடியோவின் நீலத்தை அதை நோக்கி நகர்த்தினேன். முகத்தின் நிறம் கெடக் கூடாது என்று, டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில், ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்ற உதவும் ஹியூ வளைவில் நீலப் பகுதியை மட்டும் தொட்டேன்.

புது உறையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.