லயத்து வீட்டுக் கதவு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்கள் நாடகம். 1943, மலாயா ரப்பர் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போடும் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற இரவு. அந்த 415 கிலோமீட்டர் பாதை விழுங்கிய தமிழர்களின் கதை. ஆனால் ஒத்திகை பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். வசனத்தை 3 தடவை திருத்தினேன். குறை அதில் இல்லை.

மேடை முழுக்கப் பால்மரம் வரைந்த திரை, பளீரென்று வெளிச்சம், நடிகர்கள் உலாவ 20 அடி அகலம். அவ்வளவு விசாலத்தில் யாருக்குப் பயம் வரும்? திரையைக் கழற்றினேன் (வரைந்த தம்பிக்கு இன்னும் கோபம்). பலகைச் சுவர்களை உள்ளே தள்ளி 10 அடிக்கு 10 அடி அறையாக்கினேன். வெளிச்சத்துக்கு ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. உள்ளே எரிந்தது பேட்டரி பல்புதான். ஓரமாக இருந்த கதவை நடுவில் பின்னுக்கு வைத்து, அம்மாவாக நடித்தவரை அதற்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். கதவு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

தகரக் கூரை மழைச் சத்தம் வசனத்தை அமுக்கியது. ஒலியைக் குறைத்தோம், உயிர் போய்விட்டது. கடைசியில் அந்த வசனங்களையே வெட்டிவிட்டு மழையை முழுதாகக் கொட்டவிட்டோம். லாரி வந்து நிற்கும் நொடியில் சட்டென்று நிறுத்தினோம்.

முன்வரிசையில் ஒரு பாட்டி, "கதவத் தொறக்காத ஆயி!" என்றார்.